நல்ல மன்னர் போதுமா? கோலார் தங்கவயல் தரும் பதில்

நேபாளத்தில் மீண்டும் மன்னராட்சி வேண்டும் என்ற குரல் 2025ஆம் ஆண்டில் தெருவுக்கு வந்தது. மார்ச் 9 அன்று முன்னாள் மன்னர் ஞானேந்திரா காத்மாண்டு விமான நிலையத்தில் வந்திறங்கியபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு அவரை வரவேற்றனர். மார்ச் 28 அன்று அதே நகரில் நடைபெற்ற மன்னராட்சி ஆதரவுப் பேரணி வன்முறையில் முடிந்து இருவர் உயிரிழந்தனர். அடுத்த ஆறு மாதங்களுக்குள் இளைஞர்களின் கிளர்ச்சி வெடித்தது. அதில் எழுபதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர், பிரதமர் கே.பி. சர்மா ஒலி செப்டம்பர் 9 அன்று பதவி விலக நேர்ந்தது.

1996 முதல் 2006 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ 17,000 உயிர்களை இழந்து, 2008 மே 28 அன்று முடியாட்சியை ஒழித்த நாடு அது. அதன்பின் பத்துக்கும் மேற்பட்ட முறை அரசுகள் மாறின. ஊழலும் வேலையின்மையும் தீரவில்லை. "கட்சிகள் கெடுத்துவிட்டன, நல்ல மன்னர் ஒருவர் இருந்தால் நாடு உருப்படும்" என்ற ஏக்கம் அங்கே எழுவதில் வியப்பில்லை.

இந்த ஏக்கம் இந்தியாவுக்கும் புதிதன்று. 1947இல் இந்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. அவற்றுள் "மாதிரி சமஸ்தானம்" எனப் புகழப்பட்டது மைசூர். நல்ல மன்னர் என்ற வாதத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. அதே மைசூரின் கிழக்கு எல்லையில், பல்லாயிரம் தமிழர்கள் உழைத்த கோலார் தங்கவயலும் இருந்தது. அந்த வாதத்தை உரைத்துப் பார்க்க ஏற்ற இடம் அதுவே.

மாதிரி சமஸ்தானம்

முதலில் மைசூருக்கு உரிய நியாயத்தை வழங்கியாக வேண்டும். 1831இல் உடையார்களிடமிருந்து நிர்வாகத்தைப் பறித்துக்கொண்ட பிரிட்டிஷார், 1881இல் அதைத் திருப்பி அளித்தனர். அதே ஆண்டில், செங்கல்பட்டுச் சீமையில் பிறந்த திவான் ரங்காச்சார்லு 144 உறுப்பினர்களைக் கொண்ட பிரதிநிதித்துவ சபையைக் கூட்டினார். பிரிட்டிஷ் இந்தியாவிலேயே அத்தகைய அவை அரிதாயிருந்த காலம் அது. 1907இல் சட்ட மன்றம் ஒன்றும் அமைந்தது.

நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் காலத்தில் கல்வியும் தொழிலும் அணைகளும் வளர்ந்தன. காந்தியடிகள் அவரை "ராஜரிஷி" எனப் பாராட்டினார். 1918இல் அமைக்கப்பட்ட மில்லர் குழு, பிராமணரல்லாதாருக்கு அரசுப் பணிகளில் உரிய இடம் அளிப்பது பற்றி ஆராய்ந்தது. சென்னையில் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி ஆணை பிறப்பித்தது 1921இல்தான் என்பது ஒப்பு நோக்கத்தக்கது. அரண்மனை மக்களவையைவிட முற்போக்காக நடந்துகொண்ட தருணங்களும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் அந்தப் பிரதிநிதித்துவ சபைக்கு இருந்த அதிகாரம் என்ன? அது கேள்வி கேட்கலாம், குறைகளைச் சொல்லலாம், ஆலோசனை கூறலாம். திவானை நியமிக்கவோ நீக்கவோ அதற்கு உரிமை இல்லை. திவான் மன்னருக்குப் பொறுப்பானவர். மன்னர் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்துக்கு அடங்கியவர். வாக்குரிமையோ சொத்து, நிலவரி, கல்வி ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டது. குடியிருந்த குடிசையும் கம்பெனிக்கே சொந்தமாயிருந்த சுரங்கத் தொழிலாளிக்கு அந்த அளவுகோலில் இடம் கிடைப்பது அரிது.

மின்சாரம் வந்த ஊர்

கோலார் தங்கவயலின் நவீன வரலாறு, மைக்கேல் லாவெல் என்ற முன்னாள் படைவீரர் 1870களில் பெற்ற அனுமதியுடன் தொடங்குகிறது. 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் களமிறங்கியபின் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் எனச் சுரங்கங்கள் பெருகின. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் உற்பத்தியான மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து தங்கவயலை வந்தடைந்தது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்று அது. பெங்களூர் நகருக்கு மின்விளக்கு 1905இல்தான் வந்தது. தலைநகரான மைசூருக்கோ அதற்கும் பின்னர். சமஸ்தானத்தின் முன்னுரிமை எதுவென்பதை இந்த வரிசையே காட்டிவிடும். ஒளி பெற்றவை சுரங்கங்களும் இயந்திரங்களும். கூலி லைன்கள் அல்ல.

சுரங்கத்தில் இறங்கியோரில் பெரும்பகுதியினர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த ஆதிதிராவிட மக்கள். கிராமத்துப் பண்ணையடிமை முறையிலிருந்து தப்பி வந்தவர்களுக்குத் தங்கவயல் ஒரு வகையில் விடுதலையாகவே தோன்றியது. சம்பளம் காசாகக் கிடைத்தது. பிள்ளைகள் படிக்கப் பள்ளி இருந்தது. 1941 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். சமஸ்தானத்தில் பெங்களூர், மைசூர் ஆகிய நகரங்களுக்கு அடுத்த பெரிய குடியிருப்பு அதுவாகும்.

ஆனால் அவர்களை ஆண்டவர் யார் என்பது எளிதில் விடை சொல்லக்கூடிய கேள்வியாக இல்லை. மண் மைசூர் மன்னருடையது. சுரங்கம் லண்டன் பங்குதாரர்களுடையது. தங்கத்தின் மீது மன்னரின் அரசுக்கு ராயல்டி சேர்ந்தது. தங்கம் களவு போகாமல் காக்க மைசூர் சுரங்க ஒழுங்குமுறைச் சட்டம் என்ற தனிச் சட்டம் இருந்தது. வேலை முடிந்து மேலே வருபவரின் உடலைச் சோதித்த பிறகே வெளியே விட்டனர். சென்னை மாகாணத்தைப் பொறுத்தவரை அவர்கள் எல்லை கடந்து போனவர்கள். மைசூரைப் பொறுத்தவரை வெளியிலிருந்து வந்த கூலிகள். ஆக, எந்த அவையிலும் அவர்களுக்காகப் பேசுவோர் இல்லை.

சுரங்கத்தின் ஆழத்தில் இருந்த மற்றோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் நோய் அங்கே 1930களில் கண்டறியப்பட்டது. 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பத்தில் நான்கு பேருக்கும் மேல் அந்நோய் இருந்தது தெரியவந்தது. மாதிரி சமஸ்தானத்தின் கணக்கேடுகளில் வரவாக எழுதப்பட்ட தங்கத்துக்கு இந்த நுரையீரல்கள் கொடுத்த விலை அது.

அரசியலுக்குக் கதவு அடைபட்டிருந்த அந்நாளில் தங்கவயல் மக்கள் வேறு கதவுகளைத் திறந்தனர். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளை விட்டது. அவர் நடத்திய "தமிழன்" இதழை 1926இல் அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தார். சாதி, சமயம், ஆட்சி ஆகியவற்றைக் குறித்துச் சுரங்கத் தொழிலாளர்கள் படித்தும் விவாதித்தும் வந்தனர். வாக்குரிமை கிடைப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அரசியல் அறிவைத் தேடிக்கொண்ட ஊர் அது.

கைரேகையும் துப்பாக்கியும்

1930இல் தொழிலாளர்கள் அனைவரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதி வந்தது. கைரேகை என்பது குற்றவாளிகளிடம் எடுப்பது என்பதே அன்றைய பொதுப்புரிதல். "நாங்கள் கைதிகளா?" என்ற கேள்வி லைன்களில் எழுந்தது. முறையான தொழிற்சங்கம் எதுவுமே இல்லாத நிலையில் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்கள் முடங்கின. கூலி உயர்வுக்காகத் தொடங்கிய போராட்டமன்று அது. மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்பதற்காகத் தொடங்கியது.

பிரிட்டிஷ் இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டம் 1926இல் நிறைவேறியது. எல்லைக்கு இப்பால் சென்னை மாகாணத்தில் சங்கம் வைப்பது உரிமையாகியிருந்தபோது, மைசூரில் அதற்குச் சட்டப்படியான இடம் கிடைக்க 1941-42 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன்பின் கே.எஸ். வாசன், வி.எம். கோவிந்தன் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்களின் முன்முயற்சியில் தங்கவயலில் தொழிற்சங்க இயக்கம் விரைவாக வேரூன்றியது.

1946ஆம் ஆண்டின் இறுதி தென்னிந்திய சமஸ்தானங்களில் இரத்தம் சிந்திய காலம். அக்டோபர் கடைசியில் திருவிதாங்கூரில் புன்னப்புரை-வயலார் எழுச்சி துப்பாக்கிகளால் ஒடுக்கப்பட்டது. அந்த அதிர்ச்சி தணியும் முன்னர், நவம்பர் 4 அன்று கோலார் தங்கவயலில் மைசூர் போலீசார் சுட்டதில் 6 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். தில்லியில் ஜவாஹர்லால் நேருவின் தலைமையில் இடைக்கால அரசு பொறுப்பேற்று அப்போது இரண்டு மாதங்கள் கடந்திருந்தன. நாடு விடுதலையின் வாயிலில் நின்றது. மன்னரின் போலீசுக்கோ தங்கவயல் தொழிலாளி அப்போதும் கலகக்காரனாகவே தெரிந்தான். ஆண்டுதோறும் நவம்பர் 4 அன்று அந்த அறுவரின் நினைவுக்கு அங்கே அஞ்சலி செலுத்தப்பட்டு வருகிறது.

சுட்ட பிறகு என்ன நடந்தது என்பதைவிட, என்ன நடந்திருக்க முடியாது என்பதே இங்கு முக்கியம். அந்த அறுவரின் குடும்பத்தார் எந்த உறுப்பினரை அழைத்து அவையில் கேள்வி எழுப்பச் சொல்ல முடியும்? எந்தத் தேர்தலில் அந்த அரசைத் தண்டிக்க முடியும்? நல்ல மன்னர் என்ற வாதம் தோற்றுப்போகும் இடம் இதுதான். நன்மை செய்த மன்னரைப் பாராட்டுவதற்கு வழி இருந்தது. அவருடைய அரசு தீமை செய்தபோது அதை மாற்றுவதற்கு வழி இல்லை.

மைசூர் சலோ

1947 ஆகஸ்டில் மன்னர் ஜெயசாமராஜ உடையார் இந்திய ஒன்றியத்துடன் இணையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஆனால் பொறுப்பாட்சி, அதாவது மக்கள் பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்லும் அமைச்சரவை, உடனே வரவில்லை. சர்.ஆற்காடு ராமசாமி முதலியார் திவானாக இருந்தார். நீதிக்கட்சியின் தூணாக விளங்கியவர். உலக அரங்குகளில் இந்தியாவின் சார்பில் பேசியவர். அத்தகைய பேரறிஞரும் அதிகாரத்தைக் கைமாற்றத் தயங்கும் நிர்வாகத்தின் முகமாக நிற்க நேர்ந்தது.

செப்டம்பர் 1 அன்று "மைசூர் சலோ" போராட்டம் தொடங்கியது. மாணவர்களும் தொழிலாளர்களும் விவசாயிகளும் அரண்மனையை நோக்கிப் புறப்பட்டனர். சிறைகள் நிரம்பின. அம்மாதத்தில் மைசூர் நகரில் ராமசாமி என்ற மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நகரின் நாற்சந்தி ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின் அக்டோபர் 12 அன்று உடன்பாடு ஏற்பட்டது. அம்மாத இறுதிக்குள் கே.சி. ரெட்டி முதலமைச்சராகப் பதவியேற்றார். அவர் தங்கவயலுக்கு அருகிலுள்ள கேசம்பள்ளியைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அண்டை நாட்டாரின் கதையை. ஐதராபாத்தில் நிஜாம் இறங்கி வர மறுத்தார். தெலங்கானா ஆயுதப் போராட்டம், ரசாக்கர்களின் வன்முறை, 1948 செப்டம்பரில் இந்தியப் படை நடவடிக்கை என அந்தப் பிடிவாதத்தின் விலை மிகப் பெரிதாயிற்று. தமிழ்ப் பகுதியின் பெரிய சமஸ்தானமான புதுக்கோட்டை 1948 மார்ச்சில் அமைதியாகவே சென்னை மாகாணத்துடன் இணைந்தது. மைசூர் மன்னர் தாமதமாக இறங்கி வந்தார். ஆயினும் இறங்கி வந்தார். ஆறு வாரக் கிளர்ச்சி உள்நாட்டுப் போராக வளராமல் போனதற்கு அதுவே காரணம். அவருக்கும் அதனால் இழப்பு நேரவில்லை. 1950 முதல் ராஜப்பிரமுகராகவும், 1956இலிருந்து மைசூர் ஆளுநராகவும், பின்னர் 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராகவும் மதிப்புடன் வாழ்ந்தார்.

நேபாளத்தின் ஞானேந்திரா இதற்கு நேர் மாறான வழியைத் தேர்ந்தார். 2005 பிப்ரவரி 1 அன்று, போர் நடந்துகொண்டிருக்கையில், மக்கள் அரசைக் கலைத்து அதிகாரம் முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டார். விளைவாக, ஒருவரோடொருவர் பகைத்து நின்ற கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் மன்னருக்கு எதிராக ஒன்றுபட்டனர். 2006 ஏப்ரல் மக்கள் எழுச்சிக்குப் பின் முடியாட்சியின் நாள்கள் எண்ணப்பட்டன.

யாருடைய மக்களாட்சி?

அப்படியானால் பொறுப்பாட்சி வந்ததும் தங்கவயலின் துயரம் தீர்ந்ததா? இல்லை. மைசூர் காங்கிரசின் தலைமை பெரும்பாலும் நிலமுடைய ஆதிக்கச் சாதியினரிடம் இருந்தது. மன்னருக்குப் பதில் அவர்கள் ஆண்டால் நமக்கென்ன மாற்றம் என்ற ஐயம் ஆதிதிராவிடத் தொழிலாளர்களிடம் இருந்ததில் நியாயம் உண்டு.

அந்த ஐயத்துக்கு அவர்கள் தந்த விடை 1952 பொதுத்தேர்தலில் வெளிப்பட்டது. சொத்து, கல்வி என்ற தடைகள் நீங்கி, வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் தேர்தல் அது. இரு உறுப்பினர் தொகுதியாயிருந்த தங்கவயல், காங்கிரஸ் அலையை மீறிக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே.எஸ். வாசனையும், அம்பேத்கர் நிறுவிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் வேட்பாளரையும் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. துப்பாக்கிச் சூடு நடந்து ஆறாண்டுகூட நிறைவடையாத நிலையில், சுடப்பட்டவர்களின் தலைவர் சட்டம் இயற்றும் அவையில் அமர்ந்தார். பின்னாளில் குடியரசுக் கட்சியினரும், அண்ணா தி.மு.க.வினரும், மார்க்சிஸ்டுகளும், காங்கிரசாரும், பாரதிய ஜனதாவினரும் அத்தொகுதியில் வென்றுள்ளனர். எந்தக் கட்சிக்கும் நிரந்தரச் சொத்தாகாத தொகுதி என்று அதைச் சொல்லலாம்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை அந்நிய நிறுவனத்திடமிருந்து கையகப்படுத்தியது. 1962இல் அவை மத்திய அரசின் வசம் வந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. தொழிலாளர் இயக்கத்தின் நீண்டகாலக் கோரிக்கை நிறைவேறியதாகவே அன்று கருதப்பட்டது.

ஆனால் மக்களாட்சி தங்கவயலுக்கு இழைத்த அநீதியும் அங்கிருந்தே தொடங்குகிறது. சுரங்கத்தில் எடுத்த தங்கத்தைச் சந்தை விலையைவிடக் குறைவான சர்வதேச அதிகாரபூர்வ விலைக்கே மத்திய அரசு பெற்றுக்கொண்ட காலம் உண்டு. அவ்வாறு பெற்றுக்கொண்ட பின், சுரங்கம் நட்டத்தில் நடக்கிறது என்ற கணக்கும் எழுதப்பட்டது. ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியதால் செலவு ஏறியதும், தாதுவின் தரம் இறங்கியதும் உண்மையே. ஆனால் மாற்றுத் தொழில்களுக்குப் போதிய திட்டம் வகுக்கப்படவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுத் தொழில் முடிவுக்கு வந்தது. அந்த முடிவை எடுத்தது அரண்மனையன்று; வாக்குகளால் அமைந்த தில்லி அரசு.

அதன்பின் தங்கவயல் காலையில் பெங்களூர் ரயிலைப் பிடிக்கும் ஊராக மாறியது. சுரங்கம் தோண்டிய கைகள் கட்டட வேலைக்கும் காவலர் பணிக்கும் போயின. சயனைடு கலந்த கழிவு மண் மேடுகளிலிருந்து காற்றடிக்கும் காலங்களில் தூசி பறந்து வீடுகளை நிறைக்கிறது. நிலுவைத் தொகை, குடியிருப்பு உரிமை ஆகியவற்றுக்கான போராட்டங்கள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. தொழிலாளர்களே சுரங்கத்தை ஏற்று நடத்த விரும்பினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 2013இல் உலகளாவிய ஏலத்துக்கு நீதிமன்றம் அனுமதி அளித்தது. ஆயினும் பழைய சுரங்கங்கள் உயிர் பெறவில்லை.

வேறுபாடு எங்கே?

ஆக, தங்கவயல் இரண்டு ஆட்சிகளிலும் அடி வாங்கிய ஊர். ஒன்றில் துப்பாக்கிக் குண்டு, மற்றொன்றில் புறக்கணிப்பு. அப்படியிருக்க இரண்டும் ஒன்றுதானே என்று ஒருவர் கேட்கலாம். நேபாளத்தில் மன்னரை அழைப்போரின் வாதமும் ஏறத்தாழ இதுவே.

இரண்டும் ஒன்றல்ல என்பதற்குத் தங்கவயலே சாட்சி. 1930இல் கைரேகையை எதிர்த்தவர்களுக்கு வேலையை நிறுத்துவதைத் தவிர வேறு ஆயுதம் இல்லை. 1946இல் சங்கம் இருந்தது, வாக்கு இல்லை. 2001க்குப் பின் போராடியவர்களிடம் சங்கம், வாக்கு, நீதிமன்றம், தில்லிக்கு மனுவோடு வரும் உரிமை என நான்கும் இருந்தன. அவை போதவில்லை என்பது மெய். மூடிய சுரங்கத்தை அவற்றால் திறக்க முடியவில்லை. ஆயினும் தங்களுக்குத் தீங்கிழைத்ததாகக் கருதிய கட்சியை அடுத்த தேர்தலில் அவர்களால் தோற்கடிக்க முடிந்தது. கேள்வி கேட்டதற்காக நவம்பர் 4 போல் மற்றொரு நாளைச் சந்திக்க நேரவில்லை.

மக்களாட்சியின் குறை அது மக்களை அதிகம் நம்பியதால் வந்ததன்று. போதிய அளவு நம்பாததால் வந்தது. தங்கத்தின் விலையையும் சுரங்கத்தின் ஆயுளையும் தீர்மானித்த மேசையில் தங்கவயல் தொழிலாளிக்கு நாற்காலி இல்லை. நேபாளத்தின் மலைக் கிராமத்து இளைஞனுக்கும், வேலை தேடி வளைகுடாவுக்கு விமானம் ஏறும் அவன் தம்பிக்கும் காத்மாண்டுவின் மேசையில் நாற்காலி இல்லை. அந்த நாற்காலியைப் போடுவதே மருந்து. மேசையையே அரண்மனைக்குள் தூக்கிச் செல்வது மருந்தாகாது.

மைசூர் அரச குடும்பத்தின் பின்வரலாறும் இதையே உணர்த்துகிறது. ஜெயசாமராஜ உடையாரின் மகன் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் மைசூர் மக்களவைத் தொகுதியில் நான்கு முறை வென்றார், தோல்வியையும் சந்தித்தார். அவருக்குப் பின் வாரிசாகத் தத்தெடுக்கப்பட்ட யதுவீர் 2024இல் அங்கிருந்து மக்களவை உறுப்பினரானார். அரச குடும்பத்தின் மீதான மதிப்பு குறையாத ஊர் மைசூர். தசரா ஊர்வலத்துக்கு லட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். இருந்தும் அந்தக் குடும்பத்தார் ஆட்சியில் பங்கு கேட்க விரும்பினால் வீடு வீடாகச் சென்று கைகூப்ப வேண்டியுள்ளது. ஞானேந்திராவுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

சாம்பியன் ரீஃபின் பழைய லைன் வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளிக்கும், மைசூர் அரண்மனையில் வாழும் வாரிசுக்கும் தேர்தல் நாளன்று ஆளுக்கு ஒரு வாக்குதான். அந்தச் சமநிலைக்காகவே 1946இல் ஆறு பேர் தங்கவயலில் உயிர் கொடுத்தனர். அதன் பயன் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. தில்லி கணக்குத் தீர்க்க வேண்டிய கடன் அது.